பத்து வருடமாக ஒரே மருத்துவ மாநாட்டுக்குப் போய்வருகிறேன்

உடல்நலம், மருத்துவம், புதுக் கண்டுபிடிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசும் ஆண்டு மாநாடு ஒன்றுக்கு 2015-லிருந்து விடாமல் போகிறேன். கொரோனா காலத்து இரண்டு வருடம் மட்டும் திரையில் பார்த்தேன், மற்றதெல்லாம் நேரில்தான். நான் ஐ.சி.யு. நர்ஸ். இந்த மாதிரி மாநாடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டாக்டர்கள், இல்லையென்றால் கம்பெனி நடத்துகிறவர்கள். நோயாளியின் கட்டிலருகே நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு இதில் என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்லி நான் படித்ததில்லை. அதனால்தான் இது.

போகலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு என் பதில்: போங்கள், ஆனால் ஒரு தடவை போய்விட்டு முடிவு கட்டாதீர்கள். எனக்கே இதன் அருமை புரிய மூன்று வருடம் பிடித்தது.

முதல் வருடம் மூன்று நாளும் பெரிய அரங்கை விட்டு நகரவில்லை. விளக்கு, இசை, மேடை அகலத்துக்குத் திரை, பன்னிரண்டு நிமிடப் பேச்சுகள். ஒவ்வொன்றும் முடியும்போது நாளைக்கே மருத்துவம் மாறிவிடும் என்று தோன்றும். கண் கலங்கிய தருணங்களும் உண்டு. பை நிறைய விளம்பரத் தாள்களோடு திரும்பினேன். முதல் நைட் டியூட்டியில் கூட இருந்தவள் கேட்டாள்: "அக்கா, அங்கே பார்த்ததில் நாம் இங்கே செய்கிற மாதிரி ஒன்று சொல்லுங்க." ஒன்றுகூடச் சொல்ல வரவில்லை. அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

இரண்டாம் வருடம், முந்தைய ஆண்டு என்னை மயக்கிய ஒரு கருவியைத் தேடிப் போனேன். உடம்பில் ஒட்டிக்கொண்டால் காய்ச்சல், நாடி, மூச்சு எல்லாவற்றையும் கம்பியில்லாமல் சொல்லும் ஒரு பட்டை அது. அந்த இடத்தில் வேறு யாரோ அரங்கு போட்டிருந்தார்கள். போன வருடம் அவ்வளவு கைதட்டல் வாங்கியது இந்த வருடம் எங்கே என்று மேடையில் ஒருவரும் பேசவில்லை. அன்று சாயங்காலமே ஒரு நோட்டு வாங்கினேன். இடது பக்கத்தில் இந்த வருடம் பார்த்தது, அவர்கள் என்ன சொன்னார்கள், என்ன எண் கொடுத்தார்கள். வலது பக்கம் காலியாக இருக்கும். அடுத்த வருடம் அது திரும்பி வந்தால், எப்படி வந்தது என்று அங்கே எழுதுவேன். இப்போது அதே மாதிரி நான்காவது நோட்டு ஓடுகிறது. இந்த மாநாட்டால் எனக்குக் கிடைத்த பெரிய பயன் அந்த வலது பக்கங்கள்தான்.

மூன்றாம் வருடம் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கடைசி நாள் மதியம். தங்கள் ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி, பக்கத்தில் நின்று விளக்கும் இடம்தான் போஸ்டர் கூடம். அங்கே பாதிப் பேர் சுருட்டிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு மூலை ஊசி கழன்று சரிந்த போஸ்டர் பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்றிருந்தார். இ.சி.ஜி. மானிட்டருக்காக நெஞ்சில் ஒட்டும் எலக்ட்ரோடுகளைத் தினமும் மாற்றினால் வீண் அலாரம் குறைகிறதா என்பதுதான் தலைப்பு. அவ்வளவுதான் விஷயம். புதுக் கருவி இல்லை, செயலி இல்லை. நான் நின்றதும் அவர் தன் முழங்கையை நீட்டி அதிலேயே செய்து காட்ட ஆரம்பித்துவிட்டார். "சிஸ்டர், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீங்க, தோல் வறண்டு போகும். சோப்பும் தண்ணீரும் போதும். நல்லா ஈரம் போகத் துடைச்சு, சொரசொரப்பான துணியால லேசா ஒரு தேய்ப்பு. ஒட்டும்போது நடுவில அழுத்தக் கூடாது, ஜெல் பிதுங்கிடும். ஓரத்தைச் சுத்தி விரலை ஓட்டுங்க." அவர் விரல் அந்த வட்டத்தின் ஓரத்தை மெதுவாகச் சுற்றி வந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நெஞ்சில் முடி அதிகம் இருந்தால் ஷேவ் பண்ண வேண்டாம், கத்தரித்தால் போதும் என்றும் சொன்னார்.

ஐ.சி.யு.வில் வேலை செய்யாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் ஐந்து ஐ.சி.யு.க்களின் 77 படுக்கைகளில் 31 நாள் அலாரங்களை எண்ணினார்கள். 2014-ல் வெளிவந்த அந்த ஆய்வில் மொத்தம் 25 லட்சத்துக்கு மேல். காதில் விழுகிற அலாரம் மட்டும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் 187. இதயத் துடிப்பு தவறுகிறது என்று அடித்தவற்றில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்தை உட்கார்ந்து சரிபார்த்தபோது 88.8 சதவீதம் பொய். இப்படிப் பொய்யாக அடித்துக்கொண்டே இருந்தால் காது மரத்துப்போகும். உண்மையான அலாரமும் அதே சத்தம்தானே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலாரம் அடித்தால் ஓடுவேன், ஐந்தாம் வருடம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து போனேன். அந்த மாற்றம் எனக்குப் பயமாக இருந்தது.

ஊர் திரும்பியதும் எங்கள் யூனிட் பொறுப்பாளரிடம் பேசி, காலை குளியல் நேரத்திலேயே எலக்ட்ரோடு மாற்றுவது என்று வைத்துக்கொண்டோம். அதோடு, ஒவ்வொரு நோயாளிக்கும் அலாரம் எல்லையை அவரவர் நிலைக்குத் தக்கபடி டாக்டரைக் கேட்டு மாற்றுவதும். இரண்டு மாதத்தில் ராத்திரி வார்டின் சத்தமே வேறு மாதிரி இருந்தது. இதை நாங்கள் முறையாக அளக்கவில்லை, அது எங்கள் தவறு. ஆனால் நோயாளிகள் தொடர்ந்து தூங்குவதைக் கண்ணால் பார்த்தோம்.

அதிலிருந்து என் நேரத்தைப் பிரிக்கும் விதமே மாறிவிட்டது. பெரிய அரங்குக்குத் தொடக்க நாள் காலை மட்டும் போவேன். மீதி நேரத்தில் பெரும்பகுதி போஸ்டர் கூடத்துக்கு. 2019-ல் மைக் மாரிசன் என்ற ஆராய்ச்சி மாணவர் போஸ்டர் வடிவத்தையே மாற்றச் சொல்லி ஒரு வீடியோ போட்டார்: கண்டுபிடிப்பை நடுவில் பெரிய எழுத்தில், எளிய மொழியில் ஒரே வாக்கியமாகப் போடு, விவரம் வேண்டுபவர்களுக்கு க்யூ.ஆர். குறியீடு வை என்று. அதற்கப்புறம் போஸ்டர் கூடத்தில் நடப்பது எவ்வளவோ சுலபமாகிவிட்டது. எட்டடி தூரத்திலிருந்தே நிற்பதா போவதா என்று தெரிந்துவிடும்.

போஸ்டரில் இருப்பதெல்லாம் வேதவாக்கு என்று சொல்ல மாட்டேன். மாநாட்டில் சுருக்கமாக மட்டும் வந்த ஆய்வுகளில் பாதிக்கும் குறைவானவையே பின்னால் முழுக் கட்டுரையாக வெளிவருகின்றன என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது. நல்ல முடிவு வந்தவை வெளிவரும் வாய்ப்பு அதிகம் என்றும் அதில் இருக்கிறது. அதனால் நோட்டின் வலது பக்கத்தில் 'கட்டுரை வந்ததா' என்று ஒரு வரி எப்போதும் எழுதிவைப்பேன்.

அதற்கு எதிர்ப் பக்கமும் உண்டு. மாநாட்டுக் குழு ஒதுக்கிவிட்டது என்பதாலேயே ஒரு ஆய்வு மோசமானதாகிவிடாது. வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று பாரி மார்ஷல் 1983-ல் அனுப்பிய சுருக்கத்தை ஆஸ்திரேலிய இரைப்பை குடல் மருத்துவர் சங்கத்தின் கூட்டத்துக்கு ஏற்றுக்கொள்ளவில்லை. 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு. அதே 2005-ல்தான், பின்னால் கொரோனா தடுப்பூசிக்கு அடிப்படையான எம்.ஆர்.என்.ஏ.வை உடல் எதிர்க்காதபடி மாற்றும் வழியைக் கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் வெளியிட்டார்கள். அப்போது அதற்குப் பெரிய கவனம் இல்லை. அவர்களுக்கு நோபல் வந்தது 2023-ல். கூட்டம் கூடாத அறைகளுக்கும் தினம் ஒன்றுக்காவது போகிறேன் என்றால் இதுதான் காரணம்.

அடுத்தது பல்ஸ் ஆக்சிமீட்டர். இந்தப் பத்து வருடத்தில் மாநாடு என் கையிலிருக்கும் ஒரு பொருளை நான் பார்க்கும் விதத்தை முழுதாக மாற்றியது இதில்தான்.

விரலில் மாட்டும் அந்தக் கிளிப்பை ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை பார்ப்பேன் என்று கணக்கே கிடையாது. சிவப்பு ஒளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒன்று. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டையும் வேறு வேறு அளவில் உறிஞ்சும். நாடி துடிக்கும்போது மாறுகிற பகுதியை மட்டும் எடுத்து விகிதம் போட்டால் ஆக்சிஜன் அளவு வந்துவிடும். 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்ட வழி இது. துடிக்காத பகுதியான தோல், எலும்பு எல்லாம் கணக்கில் கழிந்துவிடும், அதனால் தோல் நிறம் ஒரு பொருட்டில்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கருவி 92-லிருந்து 96 வரை காட்டிய நேரத்திலேயே ரத்தக் குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில் உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்தது எத்தனை தடவை என்று பார்த்தார்கள். வெள்ளையின நோயாளிகளில் 3.6 சதவீதம். கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். அடுத்த வருட மாநாடு திரையில்தான் நடந்தது. அந்த அமர்வை நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து பார்த்தேன், பாதியிலேயே நிறுத்திவிட்டு எழுந்து நடந்தேன். கொரோனா வார்டில் 93, 94 என்று பார்த்துவிட்டு 'இவர் காத்திருக்கலாம்' என்று நான் மனதில் வரிசைப்படுத்திய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்களில் கறுத்த தோல் உள்ளவர்கள் எத்தனை பேர். இதே குறையை 1990-லேயே ஒரு ஆய்வு சுட்டிக்காட்டியிருந்தது என்று பேச்சாளர் சொன்னபோது கோபம்தான் வந்தது. முப்பது வருடம் அது எங்கே கிடந்தது?

மறுபடி நேரில் நடந்த முதல் வருடம், ஆக்சிமீட்டர் வைத்திருந்த ஒவ்வொரு அரங்கிலும் ஒரே கேள்வி கேட்டேன்: எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், அதில் கறுத்த தோல் எத்தனை? மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-ல் கொடுத்த வழிகாட்டுதல்படி பத்துப் பேரிடம் சோதித்தால் போதும், அதில் கறுத்த தோல் உள்ளவர்கள் இரண்டு பேர் அல்லது பதினைந்து சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. நிறையப் பேர் அந்தக் குறைந்தபட்சத்தைத்தான் பதிலாகச் சொன்னார்கள். சிலருக்குக் கேள்வியே புரியவில்லை. ஒரே ஒரு இளம் பொறியாளர் உட்காரச் சொல்லி, தன் மடிக்கணினியைத் திறந்து வரைபடங்களைக் காட்டி, எங்கே விலகுகிறது என்று அவராகவே சுட்டினார். அவர் கம்பெனிக் கருவி சிறந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் மறைக்காததை நோட்டில் எழுதிக்கொண்டேன். 2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட புதிய வரைவு சோதனைக்கு வேண்டிய ஆட்களைக் குறைந்தது நூற்றைம்பதாக உயர்த்துகிறது, தோல் நிறத்தை அளந்து பதிவு செய்யவும் சொல்கிறது. இப்போது எங்கள் யூனிட்டில் எண்ணும் நோயாளியின் தோற்றமும் ஒத்துப்போகாவிட்டால் தமனி ரத்தப் பரிசோதனை கேட்கத் தயங்குவதில்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்பீர்கள். கடந்த சில வருடமாக அது இல்லாத அமர்வே கிடையாது, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். செப்சிஸ், அதாவது கிருமித்தொற்றால் உடல் முழுதும் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை, வருவதை முன்கூட்டியே சொல்லிவிடும் என்று மேடையேறிய மென்பொருள்கள் நிறைய. நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை 2021-ல் வெளியாட்கள் சோதித்துப் பார்த்தார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரை அது பிடிக்கவில்லை. அதே நேரம், அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை அடித்திருந்தது. மறுபடி அலாரம்தான். எந்த நோயாளிகளின் தரவை வைத்து உருவாக்கப்பட்டது, வேறு இடத்தில் வேறு ஆட்கள் சோதித்தார்களா, எச்சரிக்கை வந்தால் யார் ஓட வேண்டும், இதற்குப் பதில் இல்லாத பேச்சை நான் இப்போது குறித்துக்கொள்வதுகூட இல்லை.

ஆனால் இதிலும் நன்றாகச் செய்த வேலையைப் பார்த்தேன். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சொல்லும் மென்பொருளை கூகுள் ஆராய்ச்சியாளர்கள் தாய்லாந்தின் பதினோரு சிறு மருத்துவ நிலையங்களுக்கு எடுத்துப்போய், நர்ஸுகள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் தெளிவு போதாது என்று அது திருப்பித் தள்ளியது. அறை இருட்டாக இல்லை, இணையம் மெதுவாக இருந்தது, வரிசை நீண்டது. ஆய்வகத்தில் கிடைத்த அருமையான எண்கள் அந்த அறைக்குள் வந்ததும் என்ன ஆனது என்பதை 2020-ல் அவர்களே கட்டுரையாக எழுதினார்கள். தங்கள் பொருளின் குறையைத் தாங்களே வெளியே சொல்வது எவ்வளவு அபூர்வம் என்று பத்து வருடம் அரங்குகளைச் சுற்றியவளாகச் சொல்கிறேன்.

பேச்சு முடிந்ததும் வரும் கேள்வி நேரத்தைத் தவறவிடாதீர்கள். 2016 ஆகஸ்டில் பிலடெல்ஃபியாவில் நடந்த மருத்துவ வேதியியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தெரானோஸ் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் பேசினார். விரல் நுனி ரத்தத்தில் அத்தனை பரிசோதனையும் முடியும் என்ற பேச்சுக்கு அன்றாவது தரவு வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் புதிதாக வேறொரு பெட்டியைக் காட்டினார். 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாகத் தீர்ப்பு வந்தது. ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவர் எழுந்து 'முன்பு சொன்ன கருவியின் எண்கள் எங்கே' என்று கேட்கிற இடமாக மாநாடு இருக்கும்வரை எனக்கு அதன்மேல் நம்பிக்கை உண்டு.

குறைகளும் சொல்ல வேண்டும். மேடையில் நர்ஸுகள் மிகக் குறைவு, நோயாளிகள் அதைவிடக் குறைவு. வரவழைத்தாலும் தங்கள் கதையைச் சொல்லிக் கண்ணீர் வரவைக்கத்தான் வாய்ப்பு தருகிறார்கள், வடிவமைப்பு பற்றிக் கருத்துச் சொல்ல அல்ல. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களும் அவர்களின் பெற்றோரும் 'இனியும் காத்திருக்க மாட்டோம்' என்று 2013-ல் குரல் எழுப்பி, சர்க்கரை அளவுமானியையும் இன்சுலின் பம்பையும் தாங்களே இணைக்கும் மென்பொருளை எழுதி எல்லாருக்கும் திறந்துவைத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கும்போது நோயாளியைச் சாட்சிக் கூண்டில் மட்டும் நிறுத்துவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அப்புறம், கம்பெனி பணத்தில் நடக்கும் மதிய அமர்வுகள். நிகழ்ச்சி நிரலில் சின்ன எழுத்தில்தான் அது தெரியும். பேச்சாளர் தனக்கு யாரிடமிருந்து பணம் வருகிறது என்று காட்டும் ஸ்லைடு கண்சிமிட்டும் நேரத்தில் போய்விடுகிறது. நான் அதைப் போட்டோ எடுத்துவிடுவேன்.

திரையில் பார்த்த இரண்டு வருடத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேச்சுகளை நிறுத்திக் கேட்கலாம், அது வசதி. போஸ்டர் பக்கத்தில் முழங்கை நீட்ட ஆள் இல்லை.

புதிதாகப் போகிறவர்களுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். கிளம்பும் முன்பே என் வார்டில் தீராத பிரச்சினை ஒன்றை ஒரே வரியில் எழுதிக்கொள்வேன், மூன்று நாளும் அதையே பலரிடம் கேட்பேன். ஒரு நாளைக்கு நான்கு அமர்வுக்கு மேல் வேண்டாம். கூட வேலை செய்கிறவரோடு போனால் சேர்ந்தே சுற்றாமல் ஆளுக்கொரு பக்கம் போய், ராத்திரி உட்கார்ந்து பேசுங்கள். திரும்பிய முதல் வாரமே ஷிஃப்ட் மாறும் ஹேண்ட்ஓவர் நேரத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, கொண்டுவந்த ஒரே ஒரு விஷயத்தைச் செய்து காட்டிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அது நோட்டிலேயே கிடக்கும்.

இந்த வருடம் முதல் தடவையாக நாங்களே ஒரு போஸ்டர் கொண்டுபோனோம். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிகளின் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் வேலைகளில் எவற்றைச் சேர்த்து ஒரே நேரத்தில் முடிக்கலாம் என்பது பற்றி. இந்தத் தடவை முறையாக அளந்தோம். கடைசி நாள் மதியம்தான் எங்களுக்கும் நேரம் கொடுத்தார்கள். முதல் வருடம் என்னிடம் அந்தக் கேள்வி கேட்டவள்தான் போஸ்டர் பக்கத்தில் நின்றாள். கூடம் காலியாகிக்கொண்டிருந்த நேரத்தில் தோளில் பையோடு கிளம்பிய ஒரு வயதான நர்ஸ் நின்று, முழுக்கப் படித்துவிட்டு, தன் நோட்டைத் திறந்தார். "நைட்ல ரெண்டு பேர்தான் டியூட்டின்னா இது நடக்குமா?" என்று கேட்டார். எங்களிடம் அதற்குத் தரவு இல்லை என்று அவள் சொன்னாள். சரி, அடுத்த வருடம் வந்து கேட்கிறேன் என்று எழுதிக்கொண்டு போனார். இப்போது என் நோட்டின் இடது பக்கத்தில் அவருடைய கேள்வி இருக்கிறது. போன மாதத்திலிருந்து இரண்டு பேர் டியூட்டி பார்க்கும் இரவுகளைத் தனியாகக் குறிக்க ஆரம்பித்திருக்கிறோம்.